போய்ப் பார்க்கலாம்

அப்பாவின் காலில் செருப்பில்லை என்பதை ஜெபமலர்தான் முதலில் கவனித்தாள்.

வேனின் பின்கதவைத் திறந்து நான்கு பேர் ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மழை விட்டு அரைமணி நேரம் ஆகியிருந்தது. மணக்காட்டின் அந்தச் சந்தில் தண்ணீர் இன்னும் வடியவில்லை. முன்னால் பிடித்த இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "பைய, பைய" என்று ஒருவருக்கொருவர் சொல்லியபடி நடந்தார்கள். போர்த்தியிருந்த துணி விலகி இரண்டு பாதங்களும் வெளியே தெரிந்தன. காலையில் எட்டரைக்கு அவர் போட்டுக்கொண்டு போன கறுப்பு வார்ச் செருப்பு இல்லை. பாதங்கள் சுத்தமாக இருந்தன. அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவின் பெயின்ட் கடையில், சிந்திய டர்பன்டைனிலும் சுண்ணாம்புத் தூளிலும் நாள் முழுக்க நிற்கிற மனிதர் செருப்பை எதற்குக் கழற்ற வேண்டும்?

"செருப்பு எங்க சித்தப்பா?" என்று கேட்டாள். கேட்டபிறகு அவளுக்கே கூச்சமாக இருந்தது. அப்பா செத்து வந்திருக்கிறார். முதலில் கேட்பதற்கு இதுவா கிடைத்தது?

சித்தப்பா சத்தியதாஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஓட்டத்தில் எங்காவது கழன்று விழுந்திருக்கும் என்றார். பிறகு வாசலில் நின்றவர்களிடம் திரும்பி, அவர்கள் கேட்காமலேயே, கடையில் வைத்துத்தான் நெஞ்சு வலி வந்தது, ஆட்டோவில் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னார். அந்தச் சாயங்காலம் அதையே அவர் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் "கடையில வச்சுத்தான்" என்கிற இடத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

ஞானையனுக்கு ஐம்பத்திரண்டு வயது. மார்த்தாண்டத்துப் பக்கமிருந்து இருபத்தெட்டு வயதில் திருவனந்தபுரத்துக்கு வந்து, இருபத்துநாலு வருஷமும் ஒரே கடையில் நின்றவர். வீட்டில் அவர் பேசுகிற வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வந்தால் கால் கழுவுவார், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார், பேப்பரை முதல் பக்கத்திலிருந்து டெண்டர் விளம்பரம் வரை படிப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனால் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் உட்காருவார். அவரைப் பற்றிச் சொல்ல ஜெபமலருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அதற்குமேல் தெரிந்துகொள்ள ஏதாவது இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை.

பிரஷருக்கு அவர் மருந்து வாங்குகிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனதால், டாக்டர் பழைய சீட்டுகளைப் பார்த்துவிட்டு இறப்புக் காகிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். அடக்கம் மறுநாள் பதினொரு மணிக்கு என்று முடிவாயிற்று. ஐஸ் பெட்டி வந்தது. அம்மா ராஜபாய் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அழுகிறவர்கள் வந்து கட்டிப் பிடிக்கும்போது மட்டும் அழுதாள்.

கடையிலிருந்து மகாராஜா வந்தார். அப்பாவோடு பன்னிரண்டு வருஷமாகக் கவுன்டரில் நின்ற வள்ளியூர்க்காரர். அம்மா அவரிடம், கடைசியில் தண்ணீர் ஏதாவது கேட்டாரா என்று விசாரித்தாள். மகாராஜா, அந்த நேரத்தில் அண்ணாச்சி மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார் என்று தொடங்கி, சத்தியதாஸ் இருமியதும் நிறுத்திக்கொண்டு, கேட்கவில்லை அக்கா, ஒன்றும் கேட்கவில்லை என்று முடித்தார். காபி டம்ளர்களைக் கழுவப் பின்பக்கம் போன ஜெபமலருக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் மகாராஜா சித்தப்பாவிடம் பேசுவது கேட்டது.

"படி வழியா எறக்கும்போது பஸ் ஸ்டாண்டே நின்னு பாத்துது. கேபினுக்குள்ள கெடந்தாருன்னு நாளைக்கு கம்போளம் பூராச் சொல்லுவான்."

"நீ பேசாத இரி. ஆரு கேட்டாலும் கடையில வச்சுத்தான். கெட்டிக் குடுக்க ஒரு பெண்ணு இருக்கு."

டம்ளரில் சோப்பு நுரை வழிய, ஜெபமலர் அப்படியே நின்றாள். கேபின். அது இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம். கிழக்கேகோட்டையில் மாடிப்படி இருக்கிற கட்டடத்துக்கெல்லாம் ஒரு பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. உள்ளே பிளைவுட் அடித்துப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு திரைச்சீலை தொங்கவிட்டிருப்பார்கள். ஏ.சி. அறை என்பதால் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கேபின் என்று சொன்னாலே கல்லூரியில் பிள்ளைகள் ஒரு மாதிரி சிரிப்பார்கள். கோயிலில் வாலிபர் கூட்டத்தில் அதைப் பற்றி எச்சரித்து ஒரு முழுப் பிரசங்கமே செய்திருந்தார்கள்.

அப்பாவும் எச்சரித்திருந்தார். போன வருஷம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று தோழிகளோடு பிரவுசிங் சென்டருக்குப் போகிறேன் என்றபோது, பேப்பரை மடக்கி வைத்துவிட்டு, "அங்க போவண்டாம்" என்று சொன்னார். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அவள் அன்று கோபத்தில் சாப்பிடவில்லை. மத்தியானம் பக்கத்து வீட்டுக்கு அப்பாவின் போன் வந்தது. கடை முதலாளியின் மகன் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னானாம் என்று, ஒவ்வொரு பாடமாக மார்க்கை வாசித்தார். சாயங்காலம் அதையே நிறங்கள் அச்சிட்ட ஷேடு கார்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டும் வந்தார்.

பெட்டி போட்டிருந்த முன்னறைக்கு அவள் திரும்பி வந்தபோது, கண்ணாடிக்குக் கீழே அப்பாவின் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. அந்த முகத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள். என்ன தேடுகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. அழுகை வருகிற மாதிரி இருக்கும், அப்போது திரைச்சீலை ஞாபகத்துக்கு வரும், அழுகை நின்றுவிடும்.

காலையில் சித்தப்பா இரண்டு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்தார். ஆராதனையில் போதகர் வாசிப்பதற்கு வாழ்க்கைக் குறிப்பு வேண்டும். அவளுக்குத்தான் கையெழுத்து நன்றாக இருக்கும். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். இன்னாருக்கு மூத்த மகனாகப் பிறந்தார், எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தார், ராஜபாயைத் திருமணம் செய்தார், கர்த்தர் ஒரு பெண் பிள்ளையைக் கொடுத்து ஆசீர்வதித்தார். வாழ்க்கை அரைப் பக்கத்துக்குள் முடிந்துவிட்டது. "நேற்று, உண்மையாக உழைத்த கடையிலே வேலையில் இருக்கும்போதே" என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அவர் எட்டிப் பார்த்தார். உடனே எழுந்து வேகமாகப் போனார்.

ஜன்னல் வழியாக ஜெபமலர் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே இருபத்தாறு இருபத்தேழு வயதில் ஒருவன், குடை இல்லாமல், நெஞ்சோடு ஒரு பிளாஸ்டிக் கவரை அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். சித்தப்பா கேட்டின் கொண்டியைத் திறக்கவில்லை. தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவன் தலையை ஆட்டினான். கவரை நீட்டினான். சித்தப்பா வாங்கிக்கொள்ளவில்லை. அவன் திரும்பி நடக்கத் தொடங்கினான்.

அவள் பேனாவை வைத்துவிட்டு அடுக்களை வழியாகப் பின்பக்கம் இறங்கி, மரங்கள் நின்ற பக்கத்து வீட்டு வளப்பைச் சுற்றிக்கொண்டு சந்து முனைக்குப் போனாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அவன் கையிலிருந்த கவரின் வாய் வழியாகக் கறுப்பு வார் தெரிந்தது.

"அது எங்க அப்பாக்க செருப்பு" என்றாள்.

அவன் பெயர் பிரஜின். பாறசாலைக்காரன். கிழக்கேகோட்டையில் வாட்ச் ரிப்பேர் கடைக்கு மேலே இருக்கிற பிரவுசிங் சென்டர் அவனுடையது. நீங்கள்தான் மகளா என்று கேட்டுவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் கவரை அவள் கையில் கொடுத்தான். செருப்பு, மூக்குக் கண்ணாடி, நீளமான ஒரு கணக்கு நோட்டு, நூல் கட்டிய பழைய பேப்பர்கள்.

"அப்பா அங்க என்ன செய்தாவ?" அவள் கேட்டாள். பதிலைக் கேட்காமல் ஓடிவிடலாமா என்று இருந்தது.

பிரஜின் அவளை ஆச்சரியத்தோடு பார்த்தான். "வீட்டுல அறியில்லையா? நம்ம சார் எழுதும். நாகர்கோவில்ல இருந்து வருதில்லா, தென்முனைச் செய்தின்னு ஒரு வாரத்தாள், அதுல. இன்டர்நெட்டுல எந்தெந்த சைட்டு நல்லது, எது உபயோகம், எது சும்மா ரசமா இருக்கும்னு. எழுதத் தொடங்கி ரெண்டரைக் கொல்லமாச்சு. டெய்லி மத்தியானம் ஒண்ணே முக்காலுக்கு வந்தா ரெண்டே முக்காலுக்கு எறங்கும். நாலாம் நம்பர் கேபின். அதுக்க திரைய நான்தான் போடுவேன், வெயில் அடிக்கும் அங்க. சாருக்கு அது இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டாலும் ஒண்ணு."

நேற்றைக்கு நடந்ததையும் அவன் சொன்னான். ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தான். ஒரு மணி நேரம் முடிந்து கூப்பிடப் போனபோதுதான் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாரோ தெரியவில்லை என்றான். சட்டைப் பையில் இருந்த டெலிபோன் டைரியைப் பார்த்துச் சித்தப்பாவுக்கு போன் செய்தது அவன்தான். சித்தப்பா வந்ததும் முதலில் தோளிலிருந்த துவர்த்துத் துண்டை எடுத்து கம்ப்யூட்டர் திரையை மூடினாராம். அது இன்னும் அங்கேயே கிடக்கிறதாம். எடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

"அப்ப ஸ்கிரீன்ல என்ன இருந்துது?"

"தவக்கள" என்றான் பிரஜின். "தவளையில்லா, அதுக்க சத்தம்."

அவள் கேட்டது இன்னொன்றும் உண்டு. வீட்டில் ஏன் சொல்லவில்லை? பிரஜினும் ஒரு தடவை அதைக் கேட்டானாம். வீட்டில் சொல்லுகிற அளவுக்கு இது ஒரு வேலையா என்று சிரித்துவிட்டு அவர் நோட்டைத் திறந்துகொண்டாராம். அதற்குமேல் அவனுக்கும் தெரியாது. பேப்பர்க்காரர்களுக்கே அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. கவர்கள் சென்டர் விலாசத்துக்குத்தான் வரும். அவன் மழையில் நனைந்துகொண்டே, அடக்கத்துக்கு வரலாமா என்று கேட்டான். பதினொரு மணிக்கு என்று அவள் சொன்னாள்.

முன்னறையில் பெண்கள் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் அடுக்களையின் பின்வாசல் படியில் உட்கார்ந்து பேப்பர்க் கட்டைப் பிரித்தாள். எல்லாம் ஒரே பக்கம். மேலே 'போய்ப் பார்க்கலாம்' என்று தலைப்பு, கீழே 'சாலைவாசி' என்று பெயர். நோட்டில் அதன் கையெழுத்துப் படிகள் இருந்தன. பில் எழுதி எழுதி வலது பக்கம் சாய்ந்துபோன அப்பாவின் எழுத்து.

ரயில் நேரம் பார்க்கிற தளத்தைப் பற்றி எழுதியிருந்தார். 'பயன் நிறைய. சிரிப்பு இல்லை. வண்டி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்லும். வருமா என்பதை நாம்தான் பிளாட்பாரத்தில் நின்று பார்க்க வேண்டும்.' வீட்டுச் சுவருக்கு நிறம் தேர்ந்தெடுக்கிற ஒரு வெளிநாட்டுத் தளம்: 'பெயின்ட் கடையில் கால் கடுக்க நிற்கிறவன் சொல்கிறேன், திரையில் தெரிகிற பச்சை சுவரில் ஒருநாளும் வராது. ஆனாலும் அரைமணி நேரத்தில் நான் என் வாடகை வீட்டுக்கு ஏழு நிறம் அடித்துவிட்டேன். வீட்டுக்காரர் கோபிக்க மாட்டார்.' காகிதத்தில் பறவை செய்யக் கற்றுத்தருகிற தளம்: 'கொக்கு செய்து பார்த்தேன். வால் சரியாக வந்தது. தலைதான் எங்கே என்று தெரியவில்லை.' பிறந்த தேதியைக் கொடுத்தால் எத்தனை நாள் உயிரோடு இருந்திருக்கிறோம் என்று சொல்லும் தளம்: 'மகளுக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழாயிரத்துச் சொச்சம் நாள். அதில் பாதி நாள் நான் அவள் தூங்கினபிறகுதான் வீட்டுக்கு வந்திருக்கிறேன்.'

ஜெபமலருக்கு ஒரு கட்டத்தில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே செத்துக் கிடக்கிற மனிதர் இங்கே படியில் உட்கார்ந்து வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருப்பது போல் இருந்தது. இப்படியெல்லாம் பேசத் தெரிந்தவர் வீட்டில் ஏன் உப்பு, சாவி, குடை என்று ஒற்றைச் சொல்லாகப் பேசினார்? நோட்டுக்குள் சில தபால் கார்டுகளும் இருந்தன. தக்கலையில் ஒரு ஹெட்மாஸ்டர், குளச்சலில் ஒரு மீன் வியாபாரி, யார் யாரோ அவருக்குக் கார்டு எழுதியிருக்கிறார்கள். ஒருவர், உங்களைப் போல ஒரு தகப்பன் கிடைத்த பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள் என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் கார்டைக் கிழிக்க வேண்டும் போலிருந்தது.

போன வருஷத்து பேப்பர் ஒன்றில் ரிசல்ட் பார்க்கிற தளத்தைப் பற்றி இருந்தது. பயன் உண்டு, காலையில் கூட்டம், பத்து மணிக்கு மேல் போங்கள் என்று எழுதிவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருந்தார்: 'பிள்ளைகளை இந்த இடங்களுக்குத் தனியே அனுப்பாதீர்கள். நீங்களே கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு மணி நேரம் கழித்து அவர்கள்தான் உங்களுக்குச் சொல்லித்தருவார்கள்.'

அதை அவள் மூன்று தடவை படித்தாள். ஊருக்கெல்லாம் சொன்னவர். அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. நான்கு பர்லாங்கு தூரம். ஒரு நாள், ஒரே ஒரு நாள். அவளுக்கு அழுகை வந்தது. அது அப்பா போனதற்கான அழுகையா, கோபமா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் நேற்றைய தேதி. 'தவளைகள். அமெரிக்காவில் ஒரு வாத்தியார் போட்டிருக்கிறார். நாற்பத்திரண்டு வகை. பெயரைத் தட்டினால் கத்தும். பதினேழாவது தவளை நம் கரமனை ஆற்றங்கரையில் கத்துவது மாதிரியே. பயன்:' என்று எழுதி நின்றிருந்தது.

சித்தப்பா அவளைத் தேடிக்கொண்டு அடுக்களைக்கு வந்தார். போதகர் வந்துவிட்டார், குறிப்பு எழுதி முடித்தாயா என்று கேட்டார். பிறகு படியில் கிடந்த செருப்பைப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது. அந்தப் பையனோடு பேசினாயா என்று மட்டும் கேட்டார்.

"சித்தப்பா, நீங்க ஸ்கிரீனப் பாத்தியளா?"

"இல்ல." அவர் உடனே சொன்னார். பிறகு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "பாக்கப் பயந்துட்டேன் மோளே. தலையத் திருப்பிக்கிட்டுத்தான் துவர்த்தப் போட்டேன். அண்ணன அப்படி நினைக்கக்கூடாதுன்னு தோணிச்சு. ஆனாலும் நினைச்சாச்சு" என்றார்.

"தவளை சித்தப்பா."

"என்னது?"

"தவளைக்க சத்தம் கேட்டுட்டு இருந்தாவ. அதப் பத்தி எழுதுறதுக்கு."

சத்தியதாஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கொத்தவேலை மேஸ்திரி. கம்ப்யூட்டர் என்கிற பொருளை நேற்றுத்தான் முதல்முறையாக அவ்வளவு பக்கத்தில் பார்த்திருந்தார். அவள் நோட்டை நீட்டினாள். அவர் கடைசிப் பக்கத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். அண்ணன் கையெழுத்துதான். தவளை என்றுதான் இருக்கிறது. "தவளையா" என்று ஒரு தடவை சொன்னார். நோட்டை மூடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு, அம்மாவிடம் இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று கூறிவிட்டு, குறிப்பைப் பற்றி எதுவும் பேசாமல் முன்னறைக்குப் போய்விட்டார். எப்படி வேண்டுமானாலும் எழுது என்கிறாரா, முன்பு சொன்னபடியே எழுது என்கிறாரா? ஜெபமலருக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

அவள் இரண்டாவது தாளை எடுத்துப் புதிதாக எழுதினாள். முதல் பத்து வரியும் அப்படியே. முடிவை மட்டும் நான்கு வரியாக எழுதி, அடித்து, இரண்டு வரியாக்கினாள்.

முற்றத்தில் நீலத் தார்ப்பாய் கட்டி, வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பிரஜின் கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தான். மகாராஜா அவனைப் பார்த்தார், பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா கேட்டருகே போய்க் கொண்டியைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தார். போதகர் குறிப்பை வாசித்தார். பிறப்பு, படிப்பு, விவாகம் எல்லாம் வேகமாகப் போயின. பின்பு நிறுத்தி, தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார்:

"இரண்டரை ஆண்டுகளாக, சாலைவாசி என்னும் பெயரில், வாரத்தாள் ஒன்றில் இன்டர்நெட் தளங்களைப் பற்றி எழுதி வந்தார். நேற்றுப் பிற்பகல், கிழக்கேகோட்டை பிரவுசிங் சென்டரில், அதற்காக ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது காலமானார்."

மழைத் தூறல் தார்ப்பாயின்மேல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. முன்வரிசையில் இருந்த காது மந்தமான பெரியவர் ஒருவர், எந்த சென்டர் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அவர் தெரியாது என்று கையை விரித்தார். பின்னால் யாரோ, அந்த சாலைவாசி இவரா, என்று அடுத்தவரிடம் சொல்வது கேட்டது. ஜெபமலர் திரும்பிப் பார்த்தாள். குடையை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்ற முன்பின் தெரியாத ஒரு மனிதர். அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. கேட்டாளா, கேட்கவில்லையா என்றுகூடத் தெரியவில்லை. போதகர் ஜெபத்துக்குப் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது மணி இரண்டு ஆகிவிட்டது. வந்தவர்கள் கஞ்சி குடித்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்கள். சித்தப்பா, ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு எங்கேயோ போனார். திரும்பி வந்தபோது அவர் தோளில் அந்தத் துவர்த்து இருந்தது. எங்கே போயிருந்தார் என்று அவளும் கேட்கவில்லை.

அம்மா முன்னறையில், பெட்டி இருந்த இடத்தில், வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஜெபமலர் அவளுக்குப் பாலில்லாத கட்டன்காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எனக்குத் தெரியும், வல்லதும் ஒண்ணு உண்டுன்னு" என்றாள் அம்மா. "ஒரே கொல்லத்துல ரெண்டு மட்டம் கண்ணாடி மாத்தினாவ. பெயின்ட் டப்பாவப் பாக்கியதுக்கு ஆரு அப்படி மாத்துவா?"

ஜெபமலர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா, போதகர் என்னவோ தளம் என்று வாசித்தாரே, அது கட்டடமா என்று கேட்டாள். இல்லை என்று இவள் சொன்னாள். பிறகு விளக்கத் தொடங்கினாள். அது ஒரு இடம் மாதிரி, ஆனால் இடம் இல்லை. யாரோ எங்கேயோ இருந்து எழுதிப் போடுவார்கள், இங்கே இருந்து போய்ப் பார்க்கலாம். போவது என்றால் நடந்து போவது இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே. சொல்லச் சொல்லக் குழப்பம் கூடிக்கொண்டு போயிற்று. அவளே நிறுத்திக்கொண்டாள். அம்மா காப்பி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அவிய எழுதினத ஒண்ணு வாசி."

ஜெபமலர் நோட்டை எடுத்து வந்து, நடுவில் எங்கேயோ விரித்தாள். அந்தப் பக்கத்தை அவள் காலையில் படித்திருக்கவில்லை. மற்ற கிரகங்களில் நம் எடை எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்லும் ஒரு தளம். அவள் சத்தமாக வாசித்தாள்.

"'இங்கே அறுபத்தாறு கிலோ இருக்கிற நான் சந்திரனில் பதினொரு கிலோதான். வியாழனில் நூற்று அறுபத்தாறு. பயன் கொஞ்சம், சிரிப்பு நிறைய. வீட்டுக்காரிக்கும் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அவள் எடை எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியமில்லை.'"

வாசித்து முடித்துவிட்டு அவள் அம்மாவின் பக்கம் பார்க்கவில்லை. வெளியே வாடகைக் கடை ஆட்கள் வந்து நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் கேட்டது.

"அம்பத்தெட்டு" என்றாள் அம்மா.

ஜெபமலர் நோட்டை மூடாமல் மடியில் வைத்திருந்தாள்.

"ரேஷன் கடையில, அரிசி நிறுக்கிற தட்டுல ஏறிப் பாத்தேன். ஓணத்துக்கு முன்ன." அம்மா டம்ளரைத் தரையில் வைத்தாள்.

முற்றத்தில் ஒருவன் தூணில் ஏறித் தார்ப்பாயின் ஒரு முடிச்சை அவிழ்த்தான். குழிந்து கிடந்த இடத்தில் நேற்று ராத்திரியிலிருந்து தேங்கியிருந்த மழைத் தண்ணீர் மொத்தமும் ஒரே வீச்சில் கீழே விழுந்து, வாசற்படி வரை வந்து, திரும்பிப் போயிற்று. அம்மா எழுந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, விளக்குமாற்றை எடுக்கப் போனாள்.